கிரைண்டரா, துருவலையா? கொழும்பு வாடகை அறைச் சமையலுக்கு முதலில் எதை வாங்குவது

படிப்புக்கோ வேலைக்கோ யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் கொழும்புக்கு வருகிறவர்கள் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தெஹிவளையிலோ ஓர் அறை எடுக்கிறார்கள். கொஞ்ச நாள் சோற்றுப் பார்சலில் ஓடும். மாத நடுவில் கணக்குப் பார்க்கும்போதுதான் நாமே சமைத்தால் என்ன என்று தோன்றும். அடுத்து வருவது சாமான் பட்டியல். வீட்டுக் குசினியில் இருந்ததையெல்லாம் நினைத்து எழுதினால் ஒரு மாதச் சம்பளம் போதாது. எனவே எதை வாங்குவது, எதை இல்லாமல் சமாளிப்பது, எதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுவது என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூடேற்ற ஒன்று, ஒரு நல்ல கத்தி, தேங்காய் துருவ ஒரு துருவலை. முதல் செலவு இவற்றுக்கே. கிரைண்டர் பின்னால் வரட்டும். ஒட்டாத சட்டிகளை ஐந்தாறாக அடுக்கிப் பெட்டியில் விற்கிறார்களே, அது வரவே வேண்டாம். நம் சமையலில் சட்டிக்கும் மூடிக்கும் அளவைக்கும் மாற்று உண்டு. துருவிய தேங்காய்ப் பூவுக்கு மட்டும் மாற்று இல்லை.

அடுப்பு: எதை நம்புவது

ரைஸ் குக்கர், காஸ் அடுப்பு, இண்டக்சன் அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு ஆகிய நான்கில் மண்ணெண்ணெயை உடனே கழித்துவிடலாம். ஒற்றைச் சன்னல் அறையில் அதன் புகையும் மணமும் உடுப்பு, படுக்கை எல்லாவற்றிலும் ஏறும், தீ ஆபத்தும் அதிகம்.

இண்டக்சன் பார்வைக்கு அழகானது, மின்சாரத்தையும் வீணாக்காது. ஆனால் தடைகள் இரண்டு. முதலாவது, அதற்குக் காந்தம் ஒட்டும் அடிப்பாகமுள்ள பாத்திரம் வேண்டும். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் அலுமினியச் சட்டியும் மண்சட்டியும் அதில் சூடேறாது. அடுப்பை மலிவு விலையில் வாங்கிவிட்டுப் பாத்திரத்துக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க நேரும். இரண்டாவது, பழைய வீடுகளின் பின்னறைகளில் இன்னமும் வட்ட முள் செருகும் 5 ஆம்பியர் பிளக் பொயிண்டுகளே இருக்கின்றன. 230 வோல்ற்றில் 5 ஆம்பியர் என்றால் 1150 வாற்றுக்கு மேல் இழுக்கக் கூடாது. இண்டக்சன் அடுப்பும் பெரிய கேத்திலும் பெரும்பாலும் 1500 முதல் 2000 வாற்று வரை இழுப்பவை. அடாப்டர் போட்டுச் செருகினால் வேலை செய்யும், ஆனால் அடாப்டர் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். அறையில் சதுர முள் 13 ஆம்பியர் பொயிண்ட் இருந்தால் மட்டும் இண்டக்சனைப் பற்றி யோசியுங்கள்.

ரைஸ் குக்கர் இந்தச் சிக்கலில் மாட்டாது. ஒரு லீற்றர் குக்கர் ஏறத்தாழ 400 வாற்று. சோறு வேக 25 நிமிடம் என்றால் ஓர் அலகின் ஆறில் ஒரு பங்குதான் செலவு. பருப்புக்கும் இன்னொரு கறிக்கும் சேர்த்துக் கணக்கிட்டாலும் நாளைக்கு அரை அலகு ஆகாது. வீட்டு மின் கட்டணம் மாதம் 60 அலகைத் தாண்டும்போது கட்டண முறையே மாறுவதால், அறையின் மின்சாரத்தையும் தன் பட்டியலில் சேர்த்துக் கட்டும் வீட்டுக்காரர் இதைக் கட்டாயம் கவனிப்பார். அறை பேசும்போதே குக்கரைப் பற்றியும் பேசிவிடுவது நல்லது.

குக்கருக்கு ஓர் எல்லை உண்டு, அதன் உட்புறத்தைப் புரிந்துகொண்டால் அந்த எல்லை விளங்கும். அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. பானையில் தண்ணீர் இருக்கும் வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு சற்று ஏறும், ஏறியதும் அந்தக் காந்தப் பிடி விடும், சுவிட்ச் மேலே எகிறும். ஆகவே அது தண்ணீரில் வேகும் எதையும் சமைக்கும், எண்ணெயில் பொரிக்க மறுக்கும். கடுகு வெடிக்கும் முன்பே ‘டக்’ என்று நின்றுவிடும். சிலர் சுவிட்சின் மேல் கரண்டியைச் செருகி அமுக்கி வைக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தச் சுவிட்ச் ஒரு பாதுகாப்பு, அதைக் கட்டிப்போட்டால் பானையின் பூச்சு முதலில் போகும், பிறகு வயர் போகும்.

காஸ் அடுப்பில் இந்த எல்லை இல்லை. ஒற்றை அடுப்பும் 5 கிலோ சிலிண்டரும் ஒருவருக்குத் தாராளம். 12.5 கிலோ சிலிண்டரை மூன்றாம் மாடிக்குத் தூக்குவதே தனி வேலை. லிட்ரோ, லாஃப்ஸ் என்று இரண்டு நிறுவனங்கள் இருப்பதால், உங்கள் ஒழுங்கையில் உள்ள கடையில் எது மாற்றித் தரப்படுகிறது என்று பார்த்த பிறகே வெறும் சிலிண்டருக்குப் பணம் கட்டுங்கள். இந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படியும். பாய் விரித்துப் படுக்கும் அறைக்குள் சிலிண்டர் வைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். பல்கனியோ பொதுக் குசினியோ இருந்தால் காஸ், இல்லையென்றால் குக்கர்.

இரண்டுக்கும் இடமிருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வதே புத்தி. 2022ஆம் ஆண்டை மறந்துவிடக் கூடாது. சிலிண்டருக்கு நாள் கணக்கில் வரிசை, அதே காலத்தில் மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு. ஊரில் விறகு மூட்டியவர்கள் தப்பித்தார்கள். மாடி வீடுகளில் இருந்தவர்களுக்கு விறகும் இல்லை, மூட்ட முற்றமும் இல்லை. ஒரே எரிபொருளை மட்டும் நம்பியிருந்த குசினிகளே அந்த மாதங்களில் அதிகம் திண்டாடின.

சட்டி: அடுப்பைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்

குக்கர் மட்டும் என்றால் வேறு சட்டி தேவையில்லை. அதன் பானையே சட்டி. முதலில் பருப்பை அவித்து ஒரு கோப்பையில் ஊற்றி வையுங்கள், பிறகு சோறு போடுங்கள். மைசூர்ப் பருப்பு ஊறவைக்காமலே இருபது நிமிடத்தில் கரையும். வெங்காயம், பச்சைமிளகாய், உள்ளி, மஞ்சளோடு அவித்து, இறக்கும் முன் தேங்காய்ப்பால் விட்டால் தாளிதம் இல்லாத குறை பெரிதாகத் தெரியாது. சோறு வேகும்போதே நன்றாகக் கழுவிய முட்டையையோ தோலோடு உருளைக்கிழங்கையோ அதற்குள் வைத்துவிடலாம்.

காஸ் உள்ளவர்களுக்கு மண்சட்டியும் அலுமினியமும் போட்டி. நான் மண்சட்டிப் பக்கம். விலை குறைவு என்பதோடு, புளியும் கொறுக்காயும் போட்ட மீன்குழம்பு அதில் நிறமும் சுவையும் மாறாமல் கிடக்கும். அலுமினியத்தில் புளிக்குழம்பை இரவு முழுக்க விட்டால் சட்டியின் உட்புறம் அரிபடும், குழம்பில் உலோகச் சுவை ஏறும். மண்சட்டி சூட்டைப் பிடித்து வைப்பதால் குழம்பு முழுதாக வேகும் முன்பே அடுப்பை அணைத்துவிடலாம், மீதியை அந்தச் சூடு பார்த்துக்கொள்ளும். புதுச் சட்டியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அரிசி கழுவிய தண்ணீரைச் சிறு தீயில் கொதிக்கவிட்டுப் பழக்க வேண்டும். சுடச்சுட இறக்கிய சட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தால் வெடிக்கும். இவ்வளவு கவனம் எடுக்க முடியாதவர்கள் கனமான அலுமினியச் சட்டி வாங்கட்டும். வாங்கும்போது விளிம்பை இரு விரலால் அழுத்திப் பாருங்கள்; வளைந்தால் வைத்துவிடுங்கள், மெல்லிய அடியில் பருப்புப் பிடிக்கும்.

ஒட்டாத சட்டிகளின் பெட்டியை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் நம் சமையல் முறைதான். செத்தல் மிளகாய் தாளிக்கும் சூடும், எவர்சில்வர்க் கரண்டியும், தேங்காய்த் தும்புத் தேய்ப்பும் அந்தப் பூச்சுக்கு ஆகாதவை. ஆறு மாதத்தில் உரியத் தொடங்கும் ஐந்து சட்டிகளைவிட, வருடக்கணக்கில் நிற்கும் ஒரு சட்டி மலிவு. மூடி வாங்க வேண்டாம், சாப்பிடும் தட்டே மூடி. கரண்டிக்குச் சிரட்டை அகப்பை போதும். நடைபாதைக் கடைகளில் கிடைக்கும், எந்தச் சட்டியையும் கீறாது, சூட்டில் பிடி கொதிக்காது.

தேங்காய்: இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது

சம்பலும் சொதியும் புட்டும் பருப்பும் தேங்காயில் நிற்பவை. 2024ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டபோது, பலர் துருவுவதை விட்டுவிட்டுத் தேங்காய்ப் பால்மா பாக்கெட்டுக்கு மாறினார்கள். அது சிக்கனமா என்று பார்க்க வேண்டும்.

பால்மாவில் நன்மை உண்டு. தனியாள் ஒருவர், வாரத்தில் மூன்று நாள் மட்டும் சமைப்பவர், குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர் என்றால் பாதித் தேங்காய் புளித்து வீணாவதைவிட ஒரு சிறு பாக்கெட் நல்லது. ஆனால் பாக்கெட்டிலிருந்து பால் மட்டுமே வரும். ஒரு தேங்காயிலிருந்து பூ ஒரு பிடி சம்பலுக்கு, மீதியில் முதற்பால் பருப்புக்கு, இரண்டாம் பால் சொதிக்கு என்று ஒரே நாளில் மூன்று கறிகள் எழும். வறுமைப்பட்ட மாத இறுதியில் பாணும் ஒரு சம்பலும் இராச்சாப்பாடாக நிற்கும். பால்மாவால் அந்த வேலையைச் செய்ய முடியாது. சூப்பர் மார்க்கெட்டுகளில் துருவிய பூவும் கிடைக்கிறது. அவசரத்துக்கு வாங்கலாம், அன்றாடம் வாங்கினால் துருவலைக்கான பணத்தைத் தவணையில் வேறொருவருக்குக் கட்டுவதாகிவிடும்.

கிரைண்டர் இருந்தால் தேங்காயைச் சில்லுச் சில்லாக வெட்டி அடிக்கலாமே என்பார்கள். பாலுக்கு அது சரி, துருவிப் பிழிவதைவிடச் சில வேளை கூடவே பால் வரும். சம்பலுக்குச் சரிவராது. பூ உதிரியாக இல்லாமல் ஒரு பக்கம் கட்டி, ஒரு பக்கம் கூழ் என்று ஆகிவிடும். மண்ணிறத் தோலும் சேர்ந்து அரைபடும். அரைக்கும் கருவிக்காக ஏங்குகிறவர்கள் அதைக் கொண்டு என்ன அரைப்பார்கள் என்று பட்டியல் போட்டுப் பார்க்கட்டும். மிளகாய்த்தூள், மல்லித்தூள் அரைத்தே கிடைக்கிறது. ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் வரும்போது அம்மா கட்டித் தரும் கறித்தூளுக்கு எந்தக் கிரைண்டரும் ஈடாகாது. தோசை மாவு வெள்ளவத்தைக் கடைகளில் பையில் கிடைக்கிறது. எஞ்சுவது சம்பலும் சட்னியும்தான்.

சம்பலுக்கு அம்மி இல்லாத குறையைக் கையே தீர்க்கும். சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, செத்தல் மிளகாயைக் கிள்ளி, கல்லுப்போடு ஒரு கோப்பையில் போட்டு, எவர்சில்வர்த் தம்ளரின் அடியால் அழுத்தித் தேயுங்கள். தூளுப்பு வேண்டாம், கல்லுப்புத்தான் இங்கே அம்மிக்கல்லின் சொரசொரப்பைத் தருகிறது. வெங்காயச் சாறு இறங்கி மிளகாய் சிவக்கத் தொடங்கியதும் தேங்காய்ப்பூவைச் சேர்த்து விரல்களால் பிசைந்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி விடுங்கள். போத்தலால் உருட்டுவது பழைய வழக்கம். கண்ணாடி உடைந்தால் சில்லு சம்பலில் தெரியாது என்பதால் நான் அதை ஒப்புக்கொள்வதில்லை.

துருவலையில் வகைகள் உண்டு. பலகையில் இரும்பு நாக்குப் பொருத்திய, உட்கார்ந்து துருவும் துருவலை எல்லாவற்றிலும் சிறந்தது. கீழே உறுதியாக நிற்கும், இரு கையும் தேங்காயில் இருக்கும், பூ மென்மையாக விழும். ஆனால் சின்ன அறையில் அதை வைக்க இடம் தேட வேண்டும். மேசை விளிம்பில் முறுக்கிப் பூட்டி, கைப்பிடியைச் சுற்றித் துருவுவது வேகமானது. உங்கள் மேசைப் பலகையின் தடிப்பை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அடியில் இறப்பர் உறிஞ்சி உள்ளது வழுவழுப்பான மாபிள் தரையில் மட்டுமே பிடிக்கும், சீமெந்துத் தரையில் நிற்காது. கையில் பிடிக்கும் பல் வைத்த கரண்டி மிக மலிவு. ஒருவருக்கு, வாரம் இரண்டு தடவை சமைப்பவருக்கு அதுவே போதும். மணிக்கட்டு நோகும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பால் பிழியத் தனி வடி கூடத் தேவையில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பூவைப் பிசைந்து, தேத்தண்ணீர் வடியிலோ துவைத்த மெல்லிய பருத்தித் துணியிலோ பிழிந்தால் சரி. சொதிக்கு இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சளை அவித்து, முதற்பால் விட்டு ஒரு கொதி வரும்போதே இறக்குங்கள். புளியை இறக்கிய பிறகு விடுங்கள், அடுப்பில் இருக்கும்போது விட்டால் திரைந்துபோகும். தாளிதம் கேட்காத கறி இது. குக்கர் மட்டும் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல கறி நம் சமையலில் இல்லை.

இடியப்பத்தைக் கடைக்கு விடுங்கள், புட்டை விடாதீர்கள்

இடியப்பத்துக்குப் பிழியும் உரலும் வேண்டும், தட்டுகள் ஒரு அடுக்கும் வேண்டும், பிழியத் தோள்பலமும் வேண்டும். கொழும்பில் காலையும் மாலையும் இடியப்பம் சின்னக் கடைகளில் எண்ணி வாங்கலாம். அதை வாங்கிக்கொண்டு சொதியையும் சம்பலையும் நாமே செய்வதே லாபம்.

புட்டின் கதை வேறு. கடையில் சூடான புட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் மாவும் தேங்காயும் வாங்கிப் பல வேளை அவிக்கலாம். குழல், நீத்துப்பெட்டி, துணி என்று மூன்று வழி இருக்கிறது. நீத்துப்பெட்டியில் அவித்த புட்டின் மணம் தனி; ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில், சன்னல் குறைந்த அறையில், அந்தப் பனையோலை காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் படும் பல்கனி இருந்தால் மட்டும் ஊரிலிருந்து கொண்டுவாருங்கள். குழல் நல்லதுதான், ஆனால் அதுவும் ஒரு செலவு. முதல் மாதங்களுக்குத் துணி போதும்.

வறுத்த சிவப்பரிசி மாவில் உப்புப் போட்டு, கொதித்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அகப்பைக் காம்பால் கிளறுங்கள். மா கையில் ஒட்டாமல், அமுக்கினால் பிடிபட்டு, விரலால் தட்டினால் உதிரும் பதத்தில் நிறுத்துங்கள். இப்போது ரின்பால் சுண்டு, அதாவது பால் தீர்ந்த ரின். ஊரில் அரிசி அளப்பதும் புட்டுக் கொத்துவதும் அந்த வெறும் ரின்னால்தான்; வெட்டிய விளிம்பு கூராக இல்லாமல் தட்டி மடித்துக்கொள்ளுங்கள். அதன் வாயால் மாவைக் குத்திக் கொத்திக்கொண்டே போனால் கட்டிகள் சிறுத்துச் சிறுத்து மிளகளவு மணிகளாகும். தேங்காய்ப்பூவைத் தூவுங்கள். பானையில் அரைவாசிக்கும் குறைவாகத் தண்ணீர் வைத்து, வாயில் நனைத்துப் பிழிந்த துணியை இறுகக் கட்டுங்கள்; துணியின் முனைகளை மேலே மடித்துவிடுங்கள், தொங்கினால் தீப்பிடிக்கும். மாவைத் துணியில் அமுக்காமல் பரப்பி, ஒரு கோப்பையைக் கவிழ்த்து மூடினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பச்சை மா மணம் போய் வெந்த மணம் வரும். ஆவித்தட்டு உள்ள குக்கரில் தட்டின் மேலேயே துணியைப் போட்டு அவிக்கலாம். துணிக்குப் பதிலாக லஞ்ச் சீற்றோ பொலித்தீன் பையோ வைக்க வேண்டாம். கொதிநீராவியில் அது உணவோடு சேரக் கூடாத பொருள்.

கத்தி பற்றிச் சுருக்கமாக. கைக்கு அடக்கமான ஒன்று போதும், ஆனால் மலிவானதை வாங்காதீர்கள். மழுங்கிய கத்தி வழுக்கித்தான் விரலை வெட்டும். தீட்டுக்கல் வாங்கும் வரை பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையத்தில் அலகைச் சாய்வாகத் தேய்த்தால் கூர் வரும். தேங்காய் உடைக்க அந்தக் கத்தியைப் பயன்படுத்தாதீர்கள். கதவு நிலையின் சீமெந்து விளிம்பு எதற்கு இருக்கிறது.

எத்தனை பேர் என்பதைப் பொறுத்து

தனியாளாக இருந்தால் குக்கர், கத்தி, கைத்துருவலை, இரண்டு கோப்பை, ஒரு தம்ளர். இருவர் என்றால், காஸுக்கு இடமும் இருந்தால், ஒற்றை அடுப்பும் மண்சட்டியும் பலகைத் துருவலையும். நான்கு பேர் சேர்ந்து ஒரு அனெக்ஸ் எடுத்திருந்தால் மட்டும் கிரைண்டர் பேச்சுக்கு இடமுண்டு. செலவு நான்காகப் பிரியும், அதற்கு வேலையும் அன்றாடம் இருக்கும். அப்படி வாங்கும்போது யார் பெயரில் வாங்குகிறீர்கள், அறையைக் காலி செய்கிறவருக்கு எவ்வளவு திரும்பக் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசி எழுதிவையுங்கள்.

வெளிநாடு போகிறவர்களும் படிப்பு முடித்து ஊர் திரும்புகிறவர்களும் சாமான்களை விற்றுவிட்டுப் போவது வெள்ளவத்தையில் வழக்கம். துருவலை, மண்சட்டி, அலுமினியம், கத்தி எல்லாவற்றையும் தயங்காமல் வாங்கலாம். பாவித்த குக்கரை வாங்குவதானால் உள்பானையைத் தூக்கி அடியைத் தடவிப் பாருங்கள். அடி நெளிந்திருந்தால் சூட்டுத் தட்டோடு முழுதாகப் பொருந்தாது, சோறு பாதி வெந்ததும் சுவிட்ச் எகிறும். வயர் பிளக்கோடு சேரும் இடத்தில் உருகிய தழும்பு இருந்தால் வேண்டாம். காஸ் அடுப்பைப் பழையதாக வாங்கலாம், ரெகுலேற்றரையும் குழாயையும் எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையோடு புதிதாகவே வாங்குங்கள். பூட்டியதும் சவர்க்கார நுரையை மூட்டுகளில் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.